அறிந்த பின்னும் வாளாவிருத்தல்



ஒழுங்கை ஓரத்தில் கட்டில்லாத ஒரு கிணறு இருக்கிறது. அதில் ஒரு பிள்ளை தவறி விழுந்து இறந்துவிடுகிறது. ஊரார் கூடி அழுகின்றனர். இனிமேல் இவ்வாறு நிகழாதிருக்கக் கிணற்றுக்குக் கட்டுக் கட்டவேண்டும் என்று கூட்டம் கூடித் தீர்மானிக்கின்றனர். தீர்மானம் ஏகமனதாக நிறைவேறுகிறது. ஆனால் கட்டு மட்டும் எழவில்லை. மூன்று ஆண்டுகளின் பின்னர் அதே கிணற்றில் இன்னொரு பிள்ளை விழுகிறது. முதற் பிள்ளையின் சாவை நாம் விபத்து என்கிறோம். இரண்டாம் பிள்ளையின் சாவை என்னவென்று சொல்வோம்?

இந்த உவமை எமது தீவுப்பகுதிக்குப் புறம்பானதன்று. 2012ஆம் ஆண்டு நெடுந்தீவில் ஒரு சிறுமி பாலியல் வன்செயலுக்கு உட்படுத்தப்பட்டுக் கொல்லப்பட்டாள். கண்டனக் குரல்கள் எழுந்தன, பின்னர் அடங்கின. 2015 மே 13ஆம் திகதி காலை புங்குடுதீவில் பள்ளிச் சீருடையுடன் வீட்டை விட்டுப் புறப்பட்ட 18 வயது மாணவி ஒருத்தி பாடசாலைக்குப் போய்ச் சேரவில்லை. கூட்டாகச் சேர்ந்து கெடுத்துக் கொலைசெய்யப்பட்ட அவளது உடல் மறுநாள் காலை கண்டெடுக்கப்பட்டது. பிள்ளையைக் காணவில்லை என்று முறையிடச் சென்ற குடும்பத்தாரிடம், அவள் யாருடனாவது ஓடிப்போயிருப்பாள், திரும்பி வருவாள் என்று பொலிசார் கூறியதாக அந்நாட்களில் செய்திகள் வெளிவந்தன.

அதன் பின்னர் நடந்தவற்றை நாடே அறியும். வடக்கெங்கும் கடைகள் அடைக்கப்பட்டன. மாணவர்கள் வீதிக்கு இறங்கினர். யாழ்ப்பாண நீதிமன்றக் கட்டடமும் கல்வீச்சுக்கு இலக்காகியது. நாட்டின் ஜனாதிபதியே யாழ்ப்பாணத்துக்கு வந்து விரைவான நீதியை வாக்களித்தார். ஊர்காவற்றுறை நீதவான் நீதிமன்றத்தில் தொடங்கிய வழக்கு, மூன்று மேல் நீதிமன்ற நீதிபதிகள் ஒன்றாக அமர்ந்து விசாரிக்கும் 'ட்ரயல் அட் பார்' மன்றுக்குச் சென்றது. 2017 செப்டெம்பர் 27ஆம் திகதி ஏழு பேருக்கு மரணதண்டனை தீர்க்கப்பட்டது, இருவர் விடுவிக்கப்பட்டனர். சந்தேகநபர் ஒருவர் தப்பிச் செல்ல உதவினார் என்ற குற்றச்சாட்டில் சிரேஷ்ட பிரதிப் பொலிஸ் மா அதிபர் ஒருவரும் அதே ஆண்டில் கைதானார்.

இரண்டு ஆண்டுகளும் நான்கு மாதங்களும் சென்று தீர்ப்பு வந்தது. எமது நீதிமன்றங்களின் வழக்கத்துக்கு இது வேகம்தான். இந்த வேகம் எங்கிருந்து வந்தது? மக்கள் திரண்டார்கள்; நாடு பார்த்துக்கொண்டிருந்தது; ஆகவே வந்தது. அப்படியானால், கெடுக்கப்பட்டும் உயிரோடிருக்கும் பிள்ளையின் கதி என்ன? அவளுக்காகக் கடையடைப்பு இல்லை, ஊர்வலம் இல்லை, மூன்று நீதிபதிகள் அமரும் மன்றும் இல்லை. அவள் பல ஆண்டுகள் தவணைக்குத் தவணை நீதிமன்ற வாசலில் நிற்கிறாள். இறந்த பிள்ளைக்கு மட்டும் விழித்தெழும் நீதியை நீதி என்று அழைக்கலாமா என்பதே இக்கட்டுரை உங்கள் முன் வைக்கும் முதற் கேள்வி.

எழுதியவையும் செய்தவையும்

அரசாங்கம் எதுவுமே செய்யவில்லை என்று சொல்வது எளிது. ஆனால் அது உண்மையன்று. இலங்கை 1991இல் ஐக்கிய நாடுகளின் சிறுவர் உரிமை உடன்படிக்கையை ஏற்று உறுதிசெய்தது. 1995இன் 22ஆம் இலக்கச் சட்டம் தண்டனைச் சட்டக்கோவையைத் திருத்தியது. அதுவரை 12 வயதுப் பெண்பிள்ளையின் சம்மதத்தைக்கூடச் சம்மதமாக ஏற்றுவந்த சட்டம், அதன் பின்னரே 16 வயதை எல்லையாக வைத்தது. ஆண்பிள்ளைகளுக்கும் பாதுகாப்புத் தரும் பாரதூரமான பாலியல் துஷ்பிரயோகம் என்ற குற்றமும் அத்திருத்தத்தினாலேயே வந்தது. 1996இல் சிறுவர் துஷ்பிரயோகத்தைத் தடுப்பதற்கான ஜனாதிபதி செயலணி ஒன்று நியமிக்கப்பட்டது. அதன் பரிந்துரையின் பயனாக 1998இன் 50ஆம் இலக்கச் சட்டத்தின் மூலம் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபை பிறந்தது. பிள்ளை மருத்துவப் பேராசிரியர் ஹரேந்திர டி சில்வா அதன் முதல் தலைவரானார். பிள்ளையின் வாக்குமூலத்தை ஒளிப்பதிவு செய்து சாட்சியமாக ஏற்கலாம் என்று 1999இன் 32ஆம் இலக்கச் சட்டம் வழிவகுத்தது. பாதிக்கப்பட்டோரையும் சாட்சிகளையும் பாதுகாக்கும் சட்டம் 2015 மார்ச்சில் நடைமுறைக்கு வந்தது. 2023இல் புதிய சட்டம் அதன் இடத்தைப் பிடித்தது. 1929 என்ற இலக்கத்துக்கு எந்நேரமும் கட்டணமின்றி அழைத்துத் தமிழிலும் முறையிடலாம்.

இவை சிறிய காரியங்கள் அல்ல. இவற்றுக்காக உழைத்தவர்களுக்கு நாம் நன்றியுடையவர்கள். ஆயினும் ஒன்றைக் கவனியுங்கள். சாட்சிகளைப் பாதுகாக்கும் சட்டம் 2015 மார்ச்சில் வந்தது. புங்குடுதீவு மாணவி கொல்லப்பட்டது அதே ஆண்டு மே மாதத்தில். கொழும்பில் சட்டப் புத்தகத்தின் மை காய்ந்துகொண்டிருந்த வேளையில், காணாமற்போன பிள்ளையைத் தேடும்படி கேட்ட குடும்பம் பொலிஸ் நிலைய வாசலில் நின்றது.

ஏன் இந்த இடைவெளி? பரிந்துரைகள் இருவகைப்படும். சில தாளோடு முடிவன: சட்டம் திருத்துவது, சபை அமைப்பது, கொள்கை வகுப்பது போன்றவை. மற்றவை ஆளையும் பணத்தையும் ஒவ்வொரு நாளும் கேட்பன: பிள்ளையோடு பொறுமையாகப் பேசத்தெரிந்த பெண் பொலிஸ், வெற்றிடமின்றி நிரப்பப்பட்ட நன்னடத்தை உத்தியோகத்தர் பதவி, தாமதமின்றி எழுதப்படும் மருத்துவ அறிக்கை, இரவில் எரியும் வீதி விளக்கு, பள்ளிப் பிள்ளைகளுக்கு நேரத்துக்கு வரும் பஸ். முதல் வகையைச் செய்தால் பத்திரிகையில் படம் வரும். இரண்டாம் வகையைச் செய்தால் ஒன்றும் வராது. ஒரு பிள்ளை பத்திரமாக வீடு வந்து சேரும், அவ்வளவே. நடவாமற்போன தீமைக்கு யாரும் திறப்புவிழா வைப்பதில்லை. ஆகவே முதல் வகை நிறைவேறுகிறது. இரண்டாம் வகை அடுத்த ஆண்டின் வரவுசெலவுத் திட்டத்துக்குப் போகிறது.

தீவிலிருந்து பார்க்கும்போது

நிர்வாகக் கணக்கில் எமது பகுதி ஊர்காவற்றுறை, வேலணை, நெடுந்தீவு என்று மூன்று பிரதேச செயலகங்களாக வகுக்கப்பட்டுள்ளது. புங்குடுதீவும் நயினாதீவும் வேலணைப் பிரிவைச் சேர்ந்தவை. ஊர்காவற்றுறைக்கும் புங்குடுதீவுக்கும் தரைவழி உண்டு. நயினாதீவு, அனலைதீவு, எழுவைதீவு, நெடுந்தீவு ஆகியவற்றுக்குக் கடல்வழிதான். தேசப்படத்தில் இவை சிறு புள்ளிகள். ஆனால் ஒரு தாயின் கால்களால் அளந்து பாருங்கள்.

நெடுந்தீவில் ஒரு தாய் தன் பிள்ளைக்கு நேர்ந்த கொடுமையை அறிகிறாள் என்று வைத்துக்கொள்வோம். செய்தவன் பெரும்பாலும் அந்நியனாக இருக்கமாட்டான். உறவினன், அயலவன், குடும்பத்தின் நம்பிக்கையைப் பெற்றவன் என்பதே உலகெங்கும் இத்துறையில் உழைப்போர் கண்ட உண்மை. அவள் பொலிசாரிடம் போகவேண்டும். தமிழில் முறைப்பாட்டை எழுதிக்கொள்ள அங்கே ஒரு பெண் இருக்கவேண்டும். சட்டவைத்திய அதிகாரியின் பரிசோதனைக்குப் பிள்ளையை யாழ்ப்பாணம் கொண்டுசெல்ல நேர்ந்தால், முதலில் குறிகாட்டுவான் இறங்குதுறைக்குப் படகு. பின்னர் புங்குடுதீவு, வேலணை, பண்ணைத் தாம்போதி என்று நெடுவழிப் பயணம். கடல் கொந்தளித்தால் அதுவும் இல்லை. நீதிமன்றத் தவணைக்கு ஊர்காவற்றுறைக்குப் போகவேண்டும். படகில் இருப்போர் எல்லோரும் தெரிந்தவர்கள். 'எங்கே பிள்ளையோடு போகிறீர்கள்?' என்று கேட்பார்கள். குற்றவாளியின் அண்ணனும் அதே படகில் இருக்கலாம். நாட்கூலியை இழந்து, படகுக்கும் பஸ்ஸுக்கும் செலவழித்து, மாலையில் திரும்பிவரும்போது அவள் கையில் இருப்பது அடுத்த தவணைத் திகதி மட்டுமே.

பிள்ளையின் வாக்குமூலத்தை ஒளிப்பதிவு செய்து சாட்சியமாக ஏற்கலாம் என்று 1999இலேயே சட்டம் வழிகாட்டியது. அந்தச் சட்டம் குறிகாட்டுவானில் படகேறி அக்கரைக்கு வந்ததா என்று கேட்க எமக்கு உரிமை உண்டு. நடந்ததை ஒரு பிள்ளை கிராம சேவையாளருக்கும், பொலிசுக்கும், மருத்துவருக்கும், நன்னடத்தை உத்தியோகத்தருக்கும், நீதவானுக்கும் மீண்டும் மீண்டும் சொல்லவேண்டியிருந்தால், நீதி தேடும் வழியே அப்பிள்ளைக்கு இரண்டாவது துன்பமாகிவிடும்.

இப்போது சொல்லுங்கள், வாசகரே! அந்தத் தாய் வாய்மூடி இருந்துவிட்டால் அது குற்றமா?

மௌனம் யாருடையது?

இவ்விடத்தில் நாம் அவசரப்பட்டுத் தீர்ப்பிடலாகாது. உண்மையை வெளியே சொல்லும் கடமை எவருக்கும் உண்டு. பிள்ளைக்கு அருகில் இருப்போருக்கு அது மிக அதிகம். சொல்லாமல் விட்டால் தன் பிள்ளை மட்டுமன்றி அடுத்த வீட்டுப் பிள்ளையும் ஆபத்தில் விழும். எனவே மௌனத்தை நல்லதென்று நாம் ஒருபோதும் சொல்லோம். ஆனால் ஒரு கடமையை ஒருவர் மேல் சுமத்துகிறவன், அதைச் சுமக்கத்தக்க தோளையும் கொடுக்கவேண்டும். 'முறையிடுங்கள்' என்று சுவரொட்டி ஒட்டும் அரசு, முறையிட்டவளை அரைநாள் வாங்கில் இருத்திவைத்துவிட்டு, 'தீவு மக்கள் வெட்கத்தால் மறைக்கிறார்கள்' என்று குறைகூறுவது நியாயமாகாது. சொல்வதற்குரிய வழியைச் சீராக்கும் வரை, அந்த மௌனத்தில் அரசுக்கும் பெரும் பங்கு உண்டு.

இதனால் எம் பங்கு இல்லாமற் போய்விடாது. அரசு செய்யவில்லை என்பதைக் காரணங்காட்டி நாமும் கைகட்டி இருப்போமானால், அந்தத் தாயை நாம் இரண்டாம் முறை கைவிட்டவர்களாவோம். அவளோடு படகில் கூடப்போக ஒருவர் வேண்டும். அவள் வராத நாட்களில் மற்றப் பிள்ளைகளுக்குச் சோறாக்கிக் கொடுக்க ஒருவர் வேண்டும். 'எங்கே போகிறீர்கள்?' என்று கேளாதிருக்கும் நாகரிகம் ஊருக்கு வேண்டும். இவற்றுக்கு எந்தச் சுற்றுநிருபமும் தேவையில்லை.

அறியாமை குற்றத்தைக் குறைக்கும் என்பது பொதுவான நீதி. ஆனால் அறியவேண்டியதை வேண்டுமென்றே அறியாதிருப்பதும் உண்டு. அத்தகைய அறியாமை குற்றத்தைக் குறைப்பதில்லை என்று புனித தோமஸ் அக்குவினார் விளக்கியிருக்கிறார். ஒரு பரிந்துரை எழுதப்பட்ட நாள் முக்கியமான நாள். அன்றுவரை, 'எமக்குத் தெரியாது' என்று ஓர் அரசு சொல்லலாம். அந்தத் தாளில் கையொப்பம் விழுந்த பின்னர் அப்படிச் சொல்லமுடியாது. இந்தத் தீமை இன்ன வழியால் வருகிறது, இன்னதைச் செய்தால் தடுக்கலாம் என்று அறிந்தாயிற்று. அதன் பின் செய்யாமல் கழியும் ஒவ்வோர் ஆண்டையும் தாமதம் என்று அழைப்பது சொல்லுக்குச் செய்யும் அநியாயம். அது ஒரு தீர்மானம். யாரும் வாய்திறந்து சொல்லாத தீர்மானம்.

வேலியே பயிரை மேய்ந்தபோது

இதைச் சொல்லும் நாம் எம் வீட்டு முற்றத்தையும் பார்க்கவேண்டும். பிள்ளைகளுக்கு நேர்ந்த பாலியல் கொடுமைகளை ஆராய்ந்த அவுஸ்திரேலிய அரச ஆணைக்குழு 2017 டிசம்பரில் தன் இறுதி அறிக்கையை வெளியிட்டது. சமய நிறுவனங்களில் துன்புற்றதாக அதன்முன் வந்து சொன்னவர்களுள் பெரும்பகுதியினர் கத்தோலிக்க நிறுவனங்களில் இருந்தவர்கள். இதைச் சொல்ல எமக்கு வெட்கமே. ஆனால் மறைப்பது அதைவிடப் பெரிய வெட்கம். திருச்சபையின் நற்பெயரைக் காப்பதாக எண்ணிக் குற்றவாளிகளை ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு மாற்றியவர்கள், பிள்ளைகளையும் காக்கவில்லை, நற்பெயரையும் காக்கவில்லை. திருத்தந்தை பிரான்சிஸ் 2019இல் உலக ஆயர் பேரவைகளின் தலைவர்களை இதற்காகவே உரோமையில் கூட்டினார். அதே ஆண்டு மே மாதத்தில், இத்தகைய கொடுமையை அறியவரும் குருக்களும் துறவியரும் தம் திருச்சபை அதிகாரியிடம் அதை அறிவிப்பதைக் கட்டாயக் கடமையாக்கினார். நாட்டுச் சட்டம் கேட்கும் கடமைகளையும் அது நீக்கிவிடவில்லை.

அந்த அவுஸ்திரேலிய ஆணைக்குழுவிடம் நாம் கற்கத்தக்க இன்னொரு காரியம் உண்டு. அது 409 பரிந்துரைகளை எழுதியதோடு நின்றுவிடவில்லை. ஒவ்வொன்றிலும் என்ன செய்தோம் என்று அரசாங்கங்களும் பெரிய நிறுவனங்களும் ஐந்து ஆண்டுகளுக்கு ஆண்டுதோறும் பகிரங்கமாக அறிக்கையிடவேண்டும் என்றும் கேட்டது. செல்வம் மிக்க நாடுகளிலும் பரிந்துரைகள் தாமாக நடப்பதில்லை என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. அயர்லாந்தில் திருச்சபை நிறுவனங்களின் கொடுமைகளை வெளிப்படுத்திய ரையன் அறிக்கை 2009 மே மாதம் வந்தது. அந்நாட்டு அரசு இரண்டே மாதங்களில் 99 செயல்களைக் கொண்ட திட்டத்தை வெளியிட்டது. ஆயினும் பிள்ளைகளோடு பணியாற்றுவோர் கொடுமையை அறிவித்தே ஆகவேண்டும் என்ற சட்டக் கடமை நடைமுறைக்கு வர 2017 டிசம்பர் ஆயிற்று. இங்கிலாந்து, வேல்ஸ் பற்றிய விசாரணைக்குழு 2022 ஒக்ரோபரில் இதே கடமையைப் பரிந்துரைத்தது. அதற்கான சட்டமூலம் பாராளுமன்றத்துக்கு வந்தது 2025 பெப்ரவரியில். காத்திருந்த அந்த ஆண்டுகளில் பிள்ளைகள் வளர்வதை நிறுத்திவைக்க முடியுமா? ஏழு வயதில் காப்பாற்றப்பட்டிருக்கவேண்டிய பிள்ளைக்குப் பதினைந்து வயதில் வரும் சட்டம் அடுத்த பிள்ளைக்கே உதவும்.

சிலர் எழுப்பும் தடைகள்

'இவற்றைப் பேசினால் ஊரின் மானம் போகும்' என்பார்கள். மானம் என்பது பிள்ளையின் மானமா, பெரியவர்களின் மானமா? கெடுத்தவன் தலைநிமிர்ந்து நடக்க, கெடுக்கப்பட்டவள் வேலிக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் ஊரில் காப்பாற்றுவதற்கு மானம் எங்கே மிஞ்சியிருக்கிறது?

'பொய்க் குற்றச்சாட்டுகளும் வருமே' என்பார்கள். வரலாம். நிரபராதியைக் காப்பதும் நீதியின் வேலைதான். புங்குடுதீவு வழக்கிலும் இருவர் விடுவிக்கப்பட்டதை நினைவில் வையுங்கள். அதற்கு மருந்து விசாரணையைத் திறமையாகவும் விரைவாகவும் நடத்துவதே. வழக்கு பத்து ஆண்டுகள் இழுபட்டால் நிரபராதியும் பத்து ஆண்டுகள் பழியைச் சுமக்கிறான். ஆகவே சீரான விசாரணையைக் கேட்கும்போது நாம் இருவருக்காகவும் கேட்கிறோம்.

'தூக்கில் போட்டால் எல்லாம் சரியாகிவிடும்' என்பார் இன்னும் சிலர். இலங்கையில் 1976இன் பின் எவரும் தூக்கிலிடப்படவில்லை. அதை விட்டாலும், தண்டனை எப்போதும் குற்றத்தின் பின்னரே வருகிறது. கயிற்றைக் கேட்டு வீதிக்கு இறங்கிய நாம், பள்ளி செல்லும் பாதையில் பற்றை வெட்டும்படியும் பாழடைந்த வீடுகளைக் கவனிக்கும்படியும் கேட்டு எத்தனை முறை இறங்கினோம்? போரினால் இடம்பெயர்ந்து, வெளிநாடு சென்று, உரியவர்கள் திரும்பிவராத வளவுகள் புங்குடுதீவிலும் வேலணையிலும் எத்தனையென்று உங்களுக்குத் தெரியும். அங்கே ஒரு பிள்ளை கூப்பிட்டால் கேட்க ஆளில்லை. இது வெறும் ஒழுக்கப் பிரச்சினை என்று எண்ணிவிடாதீர்கள். வேலியும் வெளிச்சமும் ஆள்நடமாட்டமும் சம்பந்தப்பட்ட பிரச்சினையும் ஆகும்.

கேட்கவேண்டிய கேள்விகள்

ஆகவே என்ன செய்யலாம்? எமது பிரதேச செயலகங்களில் ஒருங்கிணைப்புக் குழுக் கூட்டங்கள் நடைபெறுகின்றன. சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தர் என்ற பதவி உண்டு. கிராமந்தோறும் சிறுவர் அபிவிருத்திக் குழு இருக்கவேண்டும் என்ற ஏற்பாடும் உண்டு. உங்கள் ஊர்ச் சங்கத்தின் சார்பாக, பெற்றோர் ஆசிரியர் சங்கத்தின் சார்பாக, ஆலய சபையின் சார்பாக இவர்களிடம் போய்ச் சில கேள்விகளைக் கேளுங்கள். எமது பிரிவில் சிறுவர்களுக்கென உள்ள பதவிகளுள் எவை நிரப்பப்பட்டுள்ளன, எவை வெற்றிடம்? எமது பொலிஸ் நிலையத்தின் சிறுவர் மகளிர் பணியகத்தில் தமிழ் பேசும் பெண் உத்தியோகத்தர் எந்நேரமும் இருக்கிறாரா? கடல் கடந்து செல்லவேண்டிய பிள்ளைக்கும் தாய்க்கும் வாகனத்தையும் துணையையும் யார் ஒழுங்குசெய்வார்? இவ்வாண்டு செய்யாதது எந்தத் திகதிக்கு முன் செய்யப்படும்?

பதிலை எழுத்தில் கேளுங்கள். அடுத்த ஆண்டும் போய், அதே தாளைக் கையில் வைத்துக்கொண்டு மீண்டும் கேளுங்கள். கோபத்தோடு ஒருநாள் கூடிக் கலைவது எமக்குக் கைவந்த கலை. பொறுமையோடு ஆண்டுதோறும் ஒரே கேள்வியைக் கேட்க இன்னும் பழகவில்லை. ஆட்சியாளர் அஞ்சுவது ஒருநாள் கூட்டத்துக்கன்று; மறவாத மக்களுக்கே.

வீட்டிலும் ஒரு வேலை உண்டு. பெரியவர்கள் சொன்னதைக் கேள் என்று மட்டும் பிள்ளைகளுக்குக் கற்பித்து வந்திருக்கிறோம். எந்தப் பெரியவராயினும், மாமாவாயினும், ஆசிரியராயினும், குருவாயினும், உன் உடலுக்குத் தீங்கு செய்ய வந்தால் மாட்டேன் என்று சொல்லலாம், சத்தமிடலாம், எம்மிடம் வந்து சொல்லலாம், நாம் உன்னை அடிக்கமாட்டோம், உன்னை நம்புவோம் என்பதையும் கற்பியுங்கள். ஆண்பிள்ளைகளுக்கும் இதைச் சொல்லுங்கள். அவர்களும் இரையாகிறார்கள், அவர்களின் மௌனம் இன்னும் ஆழமானது.

திருப்பலியின் தொடக்கத்தில் நாம் மார்பில் தட்டிப் பாவத்தை அறிக்கையிடும்போது, செய்த தீமைகளோடு செய்யத் தவறிய நன்மைகளையும் சேர்த்தே சொல்கிறோம். அடுத்த ஞாயிறு அந்த இடம் வரும்போது, உங்கள் ஊரில் நீங்கள் அறிந்தும் அறியாதவர்போல் கடந்துசென்ற ஒரு பிள்ளையின் முகம் நினைவுக்கு வருகிறதா என்று பாருங்கள். வந்தால், திங்கட்கிழமை காலை 1929க்கு ஓர் அழைப்பு எடுங்கள். அல்லது அந்த வீட்டுப் படலையைத் தட்டி, 'துணைக்கு நான் வருகிறேன்' என்று அந்தத் தாயிடம் சொல்லுங்கள்.